குச்சியைப் பிடுங்கிப் பார்க்கிறவர்களே, கையை வைத்துக்கொண்டு சும்மா இருங்கள்

வேர் விட்டிருக்கிறதா என்று பிடுங்கிப் பார்த்தாராம். பிடுங்கி! ஆடிப்பெருக்கு அன்று நட்ட ரோஜாக் குச்சியை, 38-ஆம் நாள், பிடுங்கி!

நேற்று சாயந்திரம் வீட்டுக்காரரின் சித்தப்பா வந்திருந்தார். காற்று வாங்க மொட்டை மாடிக்குப் போனார். நான் கீழே காபி கலந்து டம்ளரோடு மேலே ஏற ஐந்து நிமிடம் ஆகியிருக்குமா? அதற்குள் நான் குச்சிகளுக்கு மேலே கவிழ்த்து வைத்திருந்த பாட்டிலைக் கழற்றி ஓரமாகப் படுக்க வைத்துவிட்டு, முதல் குச்சியைப் பிடுங்கிப் பார்த்துத் திரும்பச் சொருகி, இரண்டாவதைப் பிடுங்கிச் சொருகி, மூன்றாவதை இரண்டு விரலில் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். என்னைக் கண்டதும் "இன்னாம்மா, வேர் வுட்டுக்கீதான்னு பாத்தேன்" என்கிறார், ஏதோ உதவி செய்துவிட்டவர் மாதிரி. ஒன்றைப் பிடுங்கியதோடு விட்டிருக்கக் கூடாதா? மூன்றையுமா? சரி, பிடுங்கியதுதான் பிடுங்கினார், திரும்பச் சொருகிவிட்டுக் கட்டை விரலால் மண்ணை அழுத்து அழுத்து என்று வேறு அழுத்தியிருக்கிறார். ரேகை பதிந்திருந்தது.

அது நர்சரியில் வாங்கின ரோஜா இல்லை. குடியாத்தத்தில் அம்மா வீட்டுக் கிணற்றடியில் இருந்த பன்னீர் ரோஜா. வீட்டை விற்றாயிற்று, பத்திரம் முடிந்த அன்று பென்சில் கனத்தில் ஒரு சாண் நீளத்துக்கு 12 குச்சி வெட்டி, ஈரத்துணியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வேலூர் சத்துவாச்சாரி வந்து சேர்ந்தேன். வாங்கினவர்கள் கிணற்றையும் தூர்த்து, செடியையும் எடுத்துவிட்டார்கள். இனி போய் வெட்ட அங்கே ஒன்றுமில்லை.

ஒவ்வொன்றுக்கும் அடியில் கணுவுக்குக் கொஞ்சம் கீழே சாய்வாக வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளி, இரண்டு கணு உள்ளே போகிற மாதிரி ஆற்று மணலும் தேங்காய் நார்க்கழிவும் கலந்து நட்டேன். நம் ஊர் வெயில் தெரியும்தானே. கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டும், மலைப்பாறைச் சூடு ராத்திரி பத்து மணி வரை இறங்காது. போன சித்திரையில் ஆசைப்பட்டு வைத்த செம்பருத்திக் குச்சி எல்லாம் ஒரு வாரத்தில் விறகாகிவிட்டது. அதனால்தான் இந்தக் குச்சிகளை வெட்டவே மழை எட்டிப் பார்க்கிற ஆடி வரை பொறுத்திருந்தேன். அப்படியும் ஒன்பது குச்சி அடியிலிருந்து கறுத்து அழுகிவிட்டது. மிச்சம் மூன்று.

அந்த மூன்றையும்தான்.

"துளிர் வந்துட்டுதே, அப்ப வேரும் வந்திருக்கும்ல" என்று ஒரு நியாயம் வேறு. துளிர் வந்தால் வேர் வந்துவிட்டது என்று யார் சொன்னது? குச்சிக்குள்ளே சேர்த்து வைத்திருக்கிற சத்தை வைத்தே அது இரண்டு இலை விட்டுக் காட்டும். வெட்டின இடத்தில் முதலில் வெள்ளையாக ஒரு தடிப்புக் கட்டும், அதற்கப்புறம்தான் வேர். ரோஜாவுக்கு ஒரு மாதமும் ஆகும், இரண்டு மாதமும் ஆகும். தண்ணீரை உறிஞ்சுவது வேர் நுனியை ஒட்டியிருக்கிற, கண்ணுக்குச் சட்டென்று தெரியாத தூவிகள். ஒரு இழுப்பில் அத்தனையும் போச்சு. பார்த்தே ஆக வேண்டுமென்றால் கண்ணாடி மாதிரித் தெரிகிற டம்ளரில் நட்டுப் பக்கவாட்டில் பாருங்கள், இல்லை தொட்டியின் அடி ஓட்டையைப் பாருங்கள். மாட்டார்கள். உருளைக்கிழங்கில் குத்தி வை, தேனில் முக்கி வை என்று ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள், உருளைக்கிழங்கில் குத்தி வைத்து அது நாறிப்போனதை நான்தான் கழுவினேன். சும்மா விடு என்று மட்டும் ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள்.

அவர் கையிலிருந்து அந்த மூன்றாவது குச்சியை வாங்கிப் பார்த்தேன். அடியில் பொரி ஒட்டின மாதிரி வெள்ளைத் தடிப்பு. அதிலிருந்து சேமியாக் கனத்தில் இரண்டு வேர், அரை விரற்கடை நீளம். ஒன்று இருந்தது. இன்னொன்று பாதியில் முறிந்து, மிச்சம் மண்ணுக்குள்ளேயே நின்றுவிட்டது. 38 நாள் காத்திருந்தது அந்த இரண்டு வேருக்குத்தான். பெரியவர் ஆயிற்றே, என்ன சொல்வது? காபியை நீட்டினேன். "சர்க்கரை கம்மியா கீதும்மா" என்றார்.

மூன்றையும் குச்சியால் குழி பறித்து மெதுவாக இறக்கி, தண்ணீர் தெளித்து, பாட்டிலைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். ராத்திரி இரண்டு தடவை எழுந்து போய்ப் பார்த்தேன். வெளியே இருந்து, தொடாமல்.

இன்னொன்றும் இருக்கிறது, இப்போதே சொல்லிவிடுகிறேன். போன பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் போட்டு இதே சித்தப்பா வீட்டுக்கு எவர்சில்வர் தூக்கில் கொடுத்தனுப்பினேன். அம்மா பேர் வெட்டின தூக்கு. எட்டு மாதம் ஆகிறது, மூடி மட்டும்தான் திரும்பி வந்திருக்கிறது.