ஈதரிட்ஜ் யார் என்று சொல்லாமல் அந்த மீட்பைச் சொல்ல முடியாது

ஞாயிற்றுக்கிழமை சேலம் கூட்டத்தில் நடந்ததை நண்பர்கள் பலரும் நேரில் பார்த்தீர்கள். ஆகவே முழுவதையும் மீண்டும் எழுதவில்லை. அமெரிக்காவின் வட கரோலினாக் கடற்கரையில் இருந்த பீ ஐலண்ட் உயிர்காப்பு நிலையத்தை, அதாவது கடலில் சிக்கிய கப்பல்களில் இருப்பவர்களை மீட்கும் நிலையத்தைப் பற்றிப் பேச வந்த கல்லூரி மாணவி, அதன் பொறுப்பாளர் ரிச்சர்ட் ஈதரிட்ஜ் அடிமையாகப் பிறந்தவர் என்று சொன்ன இடத்தில், "அதெல்லாம் வேண்டாம்மா, எப்படிக் காப்பாற்றினார்கள் என்பதை மட்டும் சொல்" என்று மேடையிலிருந்தே தடுக்கப்பட்டார். எப்படி என்பதற்கான விடையே அந்தப் பிறப்பில்தான் தொடங்குகிறது. ஆனால் அந்த மாணவிதான் பிரிவினை பேசுகிறார் என்று சிலர் சொன்னார்கள்.

அந்தக் கடற்கரையின் நிலையங்களில் கறுப்பினத்தவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் கடைநிலை இடம்தான். 1880இல் ஈதரிட்ஜ் பொறுப்பாளரானதும் அங்கிருந்த வெள்ளையர்கள் விலகிப்போக, பிற நிலையங்களின் கறுப்பினத்தவரைக் கொண்டே அவருடைய குழு அமைந்தது. சில மாதங்களில் நிலையக் கட்டடம் தீக்கிரையானது. அதன் பிறகும் அவர் பயிற்சியைத் தளர்த்தவில்லை. 1896 அக்டோபர் 11 இரவுப் புயலில் ஈ.எஸ். நியூமன் என்ற பாய்மரக் கப்பல் தரைதட்டியபோது, படகை இறக்க வழியில்லை. வெள்ளம் ஏறிய மணலில், கயிறு எறியும் சிறு பீரங்கியையும் பயன்படுத்த முடியவில்லை. இருவர் இருவராக உடம்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு மாறி மாறி நீந்திப் போய், கப்பல் தலைவரின் மனைவியையும் சிறு குழந்தையையும் சேர்த்து ஒன்பது பேரையும் கரைசேர்த்தார்கள். ஈதரிட்ஜ் 1900இல் இறந்தார். அந்தக் குழுவுக்குத் தங்கப் பதக்கம் 1996இல்தான் வந்தது. அவர்கள் யார் என்று சொல்லாமல் இந்த நூறாண்டுத் தாமதத்தை எப்படி விளக்குவீர்கள்?

மாணவியைத் தடுத்ததற்கு, நேரம் போதவில்லை என்றார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அவருக்கு முன் பேசியவரின் ஏற்காட்டுப் பயண அனுபவத்துக்கு நேரம் இருந்தது. கடல் இல்லாத ஊருக்குக் கடற்கதை எதற்கு என்று பின்னூட்டத்தில் ஒருவர் கேட்டிருக்கிறார். அதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. "எல்லாவற்றிலும் பிறப்பைப் பார்ப்பதா?" என்று கேட்டவர்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

என் பெரியப்பா ஓமலூர்ப் பக்கம் கிணறு வெட்டியவர். ஒரு தோட்டத்துக் கிணற்றில் பையன் விழுந்துவிட்டான் என்று ஆள் வந்தபோது, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி, அவனைத் தோளில் போட்டு மேலே கொண்டுவந்தார். பையனின் தாய் அவர் காலில் விழுந்தார். அதே வீட்டில் அவர் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டபோது கொட்டாங்குச்சியில் ஊற்றினார்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் குடும்பத்தார் இந்தச் சம்பவத்தை ஒரு கல்யாண வீட்டில் பெருமையாகச் சொல்லக் கேட்டேன்: "யாரோ ஒரு ஆள் இறங்கித் தூக்கினார்." யாரோ ஒரு ஆள்! அவருக்குப் பெயர் இருந்தது, ஊர் இருந்தது, எந்தத் தெருவில் வீடு என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

பிறப்பைப் பார்த்தவர்கள் நாங்கள் அல்லர். கொட்டாங்குச்சியை எடுத்து வந்தவர்கள் பார்த்தார்கள். பதக்கத்தை நூறாண்டு தராமல் வைத்திருந்தவர்கள் பார்த்தார்கள். அதை எடுத்துச் சொல்லும் பெண்ணைப் பார்த்து, நீதான் பிரிவினை பேசுகிறாய் என்பது எந்த ஊர் நியாயம்?

அடுத்த மாதக் கூட்டத்தில் அந்த மாணவிக்கு முழு நேரமும் ஒதுக்க வேண்டும் என்று அமைப்பாளர்களுக்கு எழுதியிருக்கிறேன். பெஞ்சமின் பௌசர், டோர்மன் பியூ, தியடோர் மீக்கின்ஸ், லூயிஸ் வெஸ்காட், ஸ்டான்லி வைஸ், வில்லியம் இர்விங் என்று அவர் தாளில் எழுதி வைத்திருந்த, ஈதரிட்ஜின் குழுவினர் ஆறு பேரின் பெயர்களையும் அந்த மேடையில் வாசிக்க வேண்டும். அது நடக்கும்வரை நான் அங்கே வருவதாக இல்லை.