விற்பவர் என்றால் யார்? பில்டரா, நானா?

சென்னை நங்கநல்லூரில் அம்மாவின் பழைய ஃபிளாட்டை விற்கவும், மேடவாக்கம் பக்கம் புதிதாக ஒன்று வாங்கவும் ஒரே வருடத்தில் அலைந்தவள் என்கிற தகுதியில் இதை எழுதுகிறேன். ‘இந்தியாவில் வீட்டுச் சந்தை இன்னும் விற்பவர் கையில்தான்’ என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வருகிறது. நானும் விற்பவள்தானே, என் கையில் எதுவும் இல்லையே!

புது ஃபிளாட் கதை முதலில். சதுர அடிக்கு நூறு ரூபாய் குறையுங்கள் என்றேன். விற்பனைப் பையன் மாடுலர் கிச்சன் தருகிறேன் என்றான். விடாமல் கேட்டதில் இரண்டு ஏசியும் சேர்ந்தது. விலை மட்டும் அசையவில்லை. ஏன் என்று அப்புறம்தான் புரிந்தது. ஒருவருக்குக் குறைத்தால் போன மாதம் வாங்கியவர் சண்டைக்கு வருவார், அடுத்த பிளாக்கின் விலையும் அடிபடும். அதனால்தான் விற்காமல் கிடக்கும் வீடுகளின் கணக்கைக் காட்டி ‘வாங்குபவர்களுக்கு நல்ல காலம்’ என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. கையில் பணமுள்ள பில்டர் காத்திருப்பார். வாடகையும் கொடுத்து, பாதி எழும்பிய கட்டடத்துக்கு வட்டியும் கட்டுகிற நம்மால் முடியுமா?

2016இல் ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வந்த பிறகு நிலைமை கொஞ்சம் தேறியிருக்கிறது, மறுக்கவில்லை. அக்ரிமென்ட்டைப் பதியாமல் பில்டர் நம்மிடம் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பணம் வாங்கக் கூடாது. நாம் கட்டும் பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். கார்ப்பெட் ஏரியாவையும், அதாவது வீட்டுக்குள் நாம் புழங்கும் பரப்பையும், சொல்லியாக வேண்டும். அப்படிச் சொன்னதால்தான், 1,150 சதுர அடி என்று பேசிய வீட்டில் நாங்கள் நடமாடப்போவது 790தான் என்று தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய, விலை 1,150க்குத்தான்.

ரிசர்வ் வங்கி 2025இல் ரெப்போ வட்டியை (வங்கிகளுக்கு அது தரும் கடனுக்கான வட்டி) 6.5 சதவீதத்திலிருந்து 5.25 வரை இறக்கியதில் எங்கள் கடன் தகுதி கூடியது. கூடவே அந்த பில்டரின் சதுர அடி விலையும் கூடியது. கட்டி முடிக்காத வீட்டுக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி வேறு. மலிவு விலை வீடு என்றால் 1 சதவீதம்தான், ஆனால் அதற்கான 45 லட்ச வரம்பு 2019இல் போட்டது. சென்னையில் அந்த விலைக்கு இரண்டு பெட்ரூம் வேண்டுமென்றால் ஊரைத் தாண்டிப் போய்த் தேட வேண்டும்.

இப்போது நங்கநல்லூருக்கு வருவோம். 1998இல் கட்டியது, இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. வந்தவர்கள் யாரும் வீட்டைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. “யூடிஎஸ் எவ்வளவு மேடம்?” அதாவது மனையில் இந்த ஃபிளாட்டுக்குச் சேர வேண்டிய பிரிக்கப்படாத பங்கு. அவர்கள் கேட்டது மண்ணை. எங்கள் அப்பா பார்த்துப் பார்த்துப் போட்ட மொசைக்குக்கு மதிப்பு பூஜ்யம். கட்டடத்துக்கு வயதாகிவிட்டது என்று வங்கி கடன் காலத்தைக் குறைக்க, அதைச் சொல்லியே ஒருவர் 4 லட்சம் குறைத்தார். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் பத்திரச் செலவு ஆகிறதே, அதில் பாதியை நீங்கள் ஏற்கக் கூடாதா என்று இன்னொருவர் கேட்டார். 2023க்கு முன் அதுவே 11 சதவீதம் சார் என்றேன். அவர் அசரவில்லை.

பில்டரிடம் ஒரு ரூபாய் குறைக்க முடியாத அதே ஆட்கள்தான் இவர்கள். நானும் அந்த ரகம்தான், வேறொருவரின் பழைய ஃபிளாட்டைப் பார்க்கப் போனபோது இதே கேள்விகளைத்தான் கேட்டேன்.

கடைசியில் அந்த 4 லட்சக்காரருக்கே முடித்தோம். சாவி வாங்க வந்தவர் மேலே நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஃபேனையெல்லாம் விட்டுட்டுத்தானே போறீங்க?”