கடலடித் தொல்லியல் படிக்கணுமா? டைவிங் லைசன்ஸைக் கடைசியில் பார்க்கலாம்

கடலடித் தொல்லியலில் முதுகலை படிக்க வேண்டும் என்று ஒரு பிள்ளை சொன்னால், கெடாவில் நம் பீடோங் பக்கம் உடனே வரும் யோசனை "முதல்ல டைவிங் லைசன்ஸ் எடு" என்பதுதான். அதற்கு ஆகும் பணத்தை அப்படியே வைத்திருங்கள். இந்தத் துறையில் பல முதுகலைப் படிப்புகளில் சேர டைவிங் சான்றிதழ் கட்டாயமே இல்லை. தரையில் ஒழுங்காகக் குழி தோண்டி, மண் அடுக்கைப் பார்த்து, அளந்து வரையத் தெரிந்தவரா என்பதுதான் கேள்வி.

காரணம் எளிது. துருக்கிக் கடலில், வெண்கலக் காலத்தில் மூழ்கிய உளுபுருன் கப்பலை 1984 முதல் 1994 வரை அகழ்ந்தார்கள். ஆழம் 44 மீட்டரில் தொடங்கி 61 வரை. மொத்தம் 22,413 முறை இறங்கினார்கள். அந்த ஆழத்தில் ஒரு முறைக்குக் கிடைப்பது ஏறக்குறைய 20 நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு முறை. எதை அளப்பது, எதைத் தொடக்கூடாது என்று அங்கே போய் யோசிப்பவரால் குழுவுக்கே நஷ்டம்.

அளக்கவும் வரையவும் பழக நமக்குப் பக்கத்திலேயே இடம் இருக்கிறது. சுங்கை பத்துவில் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே செங்கல் படகுத்துறைகள் கிடைத்தன. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் (யூ.எஸ்.எம்.) 2009 முதல் அங்கே அகழ்ந்தது. வண்டல் சேர்ந்து கரை விலகியதால் அன்றைய துறை இன்று மேட்டில் நிற்கிறது. இதுவும் கடல்சார் தொல்லியல்தான். கடாரம் கடாரம் என்று மேடையில் முழங்க நம்மிடம் ஆள் ஏராளம். மண்வெட்டியும் அளவு நாடாவும் பிடிக்கத்தான் ஆளைக் காணோம். இளங்கலைக்கு வரலாறு மட்டுமே வழி என்றும் நினைக்க வேண்டாம். மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் (யூ.டி.எம்.) நில அளவை, திரங்கானுவில் கடல் அறிவியல் படித்தவருக்கு, ஒலியலையால் கடலடியைக் காட்டும் சோனார் பதிவையும் புதைந்த இரும்பைக் காட்டும் காந்தமானி வரைபடத்தையும் படிப்பது எளிதாக வரும். மலாக்கா நீரிணைபோல் கலங்கிய தண்ணீரில் கண்ணைவிட இந்தக் கருவிகளே உதவும்.

என்னைக் கேட்டால், தேர்ந்தெடுக்க வேண்டிய பிரிவு பதப்படுத்தல், அதாவது எடுத்த பொருளைக் கெடாமல் காக்கும் வேலை. பொருளை மேலே கொண்டுவந்த நிமிடத்திலிருந்துதான் உண்மையான சிக்கல். நூற்றாண்டுக் கணக்கில் ஊறிய மரத்தில் செல் சுவரைத் தாங்குவதே தண்ணீர். காயவிட்டால் சுவர் இடிந்து, மரம் சுருங்கிப் பிளக்கும். அதனால் தண்ணீரை மெல்ல வெளியேற்றி அந்த இடத்தில் பாலிஎதிலீன் கிளைக்கால் என்ற மெழுகுபோன்ற பொருளை ஏற்ற வேண்டும். மூழ்கி மீட்கப்பட்ட சுவீடனின் வாசா கப்பலுக்கு இதை 1962 முதல் 1979 வரை தெளித்தார்கள். அதற்குப் பிறகும் மரத்துக்குள் இருந்த கந்தகமும் துருப்பிடித்த ஆணிகளின் இரும்பும் சேர்ந்து அமிலத்தை உண்டாக்கின.

இரும்பு இன்னும் மோசம். உள்ளே கடல் உப்பின் குளோரைடு இருக்கும்போதே காய்ந்தால் அடுக்கடுக்காக உதிரும். காரக் கரைசலில் போட்டு, மின்சாரம் பாய்ச்சி (மின்பகுப்பு) அந்தக் குளோரைடை வெளியேற்ற வேண்டும். சில நேரம் சுண்ணாம்புப் பாறைபோல் இறுகிய மேலோட்டுக்குள் இரும்பே மிஞ்சியிருக்காது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, அந்த வெற்றிடத்தில் எபாக்சி ஊற்றி, கரைந்துபோன கருவியின் வடிவத்தை மீட்பார்கள். பீங்கானுக்கு நல்ல தண்ணீரை மாற்றி மாற்றி, அதில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் மின் கடத்துத்திறனை அளந்து உப்பை இறக்கினால் பெரும்பாலும் போதும்.

எங்கே படிப்பது? பதப்படுத்தலுக்கு டெக்சஸ் ஏ அண்ட் எம். இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன்; ஒரு வருடம்தான் என்பதால் பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகைக்குப் பொருந்தும். ஆனால் அதற்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும், படிப்பு முடிந்து 2 வருடம் நாடு திரும்பி இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் பிளிண்டர்ஸ். விண்ணப்பத்துக்கு முன்பே பேராசிரியருக்கு எழுதுங்கள். "எனக்கு ஆர்வம் உண்டு" என்ற ஒரு வரிக்குப் பதில் வராது. எந்தத் தளம், என்ன கேள்வி, எந்த முறை என்று அரைப் பக்கத்தில் சொல்லுங்கள்.

டைவிங் இதற்குப் பிறகு. ஆஸ்துமா, சைனஸ், காது பிரச்சினை இருந்தால் பணம் கட்டுமுன் டாக்டரைப் பாருங்கள். தொடக்க நிலையான ஓப்பன் வாட்டர் சான்றிதழ் 18 மீட்டர் வரைதான். கிழக்குக் கரைத் தீவுகளில் நவம்பர் முதல் மழைக்காலம், அப்போது போய்ப் பயனில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழக வேலைகளுக்கு அறிவியல் டைவிங் பயிற்சி தனி. அதுவே 100 மணி நேரம், 12 இறக்கம்.

படித்து முடித்ததும் மூழ்கிய கப்பலின் பீங்கானை எடுத்து விற்கும் கம்பெனிகள் நல்ல சம்பளத்தோடு கூப்பிடலாம். கையெழுத்துப் போடுமுன் இரண்டைக் கேளுங்கள்: மலேசியாவின் 2005ஆம் ஆண்டு தேசிய மரபுரிமைச் சட்டப்படி அனுமதி இருக்கிறதா, எடுத்த பொருள் ஏலத்துக்குப் போகுமா. ஏலத்துக்குப் போகும் என்றால் வேண்டாம். பொருட்கள் சிதறி விற்கப்பட்ட தளத்தைப் பற்றி எழுதும் கட்டுரையை ஏற்காத ஆய்விதழ்கள் உண்டு.