முதலாண்டுப் பிள்ளைகளை முதலில் ஒரு குறும்படம் எடுக்க விடுங்கள்

ஆகஸ்ட் வந்தால் தில்லியில் கமலா நகர், விஜய் நகர் பக்கமெல்லாம் பெட்டியும் பக்கெட்டுமாகப் புதுப் பிள்ளைகள் அலைவார்கள். நம்மூர்ப் பிள்ளைகளைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுவிடலாம். ரிக்‌ஷாக்காரரிடம் ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் போனில் மேப்பைக் காட்டுவார்கள். தில்லிப் பல்கலைக்கழகம் 2022-இல் நாடு முழுவதற்கும் பொதுவான க்யூட் நுழைவுத் தேர்வுக்கு மாறியது. திருநெல்வேலியில் எழுதிய ஒரு தேர்வு, பதினெட்டு வயதுப் பிள்ளையை இரண்டு ராத்திரி ரயில் பயணத்தில் இங்கே கொண்டுவந்து விட்டுவிடுகிறது.

வந்தவுடன் வரவேற்பு நிகழ்ச்சி. இதற்கென்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2019-இல் ‘தீக்ஷாரம்ப்’ என்ற பெயரில் வழிகாட்டியே வெளியிட்டது. புதியவர்கள் இடத்தோடும் மனிதர்களோடும் பழக வேண்டும் என்பதுதான் நோக்கம். நல்ல நோக்கம். ஆனால் நான் பார்த்த வரையில் அரங்கத்தில் மூன்று நாள் உட்கார வைத்துப் பேசுகிறோம். நான்காம் நாள் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பெயர்கூடத் தெரியாமல் அறைக்குத் திரும்புகிறார்கள்.

நான் இங்கே ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். இரண்டு வருஷம் முன்பு என் வகுப்பில் ஐந்தைந்து பேராகப் பிரித்து, இரண்டு வாரத்தில் செல்போனிலேயே மூன்று நிமிடப் படம் எடுக்கச் சொன்னேன். ‘வீட்டுக்குப் போனில் சொல்லாதது’ என்று தலைப்பு கொடுத்தேன்.

சங்கரன்கோவில் பக்கத்துப் பையன் ஒருவன். முதல் வாரம் முழுக்க அவன் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: “மேடம், நீங்க தமிழா?” அவன் குழுவில் பீகாரின் பூர்ணியாவிலிருந்து ஒரு பையன், இம்பாலிலிருந்து ஒரு பெண், அப்புறம் தினமும் வீட்டிலிருந்து மெட்ரோவில் வந்துபோகும் இரண்டு பேர். இவனுக்கு இந்தி வராது, ஆங்கிலத்திலும் தயக்கம். கதை பேசும்போது ஒதுங்கியே இருந்தான். சரி, நீ சவுண்டு பார்த்துக்கொள் என்று, சட்டையில் குத்துகிற மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

சவுண்டு பார்ப்பவன் பேச்சுக்கு எல்லாரும் கட்டுப்பட வேண்டும் என்பது ஷூட்டிங்கில்தான் தெரிந்தது. டீக்கடையில் நல்ல டேக் போய்க்கொண்டிருக்கும். தூரத்தில் ஈ-ரிக்‌ஷா ஹாரன் அடிப்பது ஹெட்போன் மாட்டியிருக்கும் அவனுக்குத்தான் கேட்கும். கையைத் தூக்குவான். ஐந்து பேரும் நிற்பார்கள். ‘ஃபிர் ஸே’, அதாவது இன்னொரு தடவை. நான் அவன் வாயிலிருந்து கேட்ட முதல் இந்தி அதுதான்.

கடைச் சத்தத்தில் வசனம் எடுபடவில்லை. டப்பிங் பேச இடமும் இல்லை. பூர்ணியாப் பையன் ஊரிலிருந்து கொண்டுவந்த ரஜாயை, அதாவது பஞ்சுப் போர்வையை, இரண்டு நாற்காலிமேல் போர்த்தி, ஃபேனை நிறுத்தி, செப்டம்பர் புழுக்கத்தில் அதற்குள் உட்கார்ந்து ரெக்கார்டு செய்தார்கள். காலையிலிருந்து இரண்டு ரஸ்க் மட்டும் தின்ற பிள்ளை வீட்டுக்குச் சொல்லும் வசனம்: “மா, கானா கா லியா.” சாப்பிட்டுட்டேம்மா. எடிட்டிங்கில் நம் பையன் அந்த வரியை எத்தனை தடவை ஓட்டிக் கேட்டிருப்பானோ. எங்கே மூச்சு விடுகிறார்கள், எங்கே சொல் முடிகிறது என்று பிடிபடாமல் வெட்ட முடியாது. அதே பொய்யை அவனும் தினம் ராத்திரி தமிழில் சொல்லிக்கொண்டிருந்தான் என்று பிறகு என்னிடம் சொன்னான். தில்லியின் ரோகிணிப் பகுதியிலிருந்து மெட்ரோவில் வரும் பெண் வீட்டில் மறைத்தது வேறு. மூன்று வாரமாக மதியச் சாப்பாட்டை அவள் தனியாகவே சாப்பிட்டிருக்கிறாள். சொந்த வீட்டிலிருந்து வருகிறவளுக்கு என்ன குறை என்று நானும்தான் நினைத்திருந்தேன்.

நாடகம், விளையாட்டெல்லாம் போதாதா என்று சக ஆசிரியர் கேட்டார். மேடைக்குத் துணிச்சல்காரப் பிள்ளைகள் தாமாக வந்துவிடுவார்கள். படத்தில் வாய் திறக்காத பிள்ளைக்கும் வேலை உண்டு, அவன் வராவிட்டால் வேலை நின்றுவிடும். நான்கு மணி வெயில் வேண்டுமென்றால் ஐந்து பேரும் வந்தாக வேண்டும். மனசு சரியில்லை என்று அறையில் படுத்துக் கிடப்பவனைப் போய் எழுப்பிக் கூட்டிவர மற்ற நாலு பேருக்கும் ஒரு காரணம் கிடைக்கிறது. இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

பரிசு வைத்தால் நல்ல போன் வைத்திருப்பவன் குழுவை எடுத்துக்கொள்வான், அதனால் பரிசு கிடையாது. குழுவை நானேதான் பிரிப்பேன். படம் வகுப்புக்கு வெளியே, இன்ஸ்டாகிராமுக்குப் போகக் கூடாது. வீட்டுக்குச் சொல்லாததை ஊருக்குச் சொல்ல வைப்பது பாவம். தமிழ்ப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து ஆர்.கே. புரம் மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போகட்டும், தோசை சாப்பிடட்டும், அது வேண்டும். ஆனால் திங்கள் முதல் சனி வரைக்கும் பக்கத்தில் ஆள் வேண்டாமா?

ஒரு குழு பாதியிலேயே உடைந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். உண்மையாகவே மனம் தளர்ந்துபோன பிள்ளைக்குக் கவுன்சிலர்தான் வேண்டும், கேமரா போதாது.

எங்கள் நான்காண்டுப் பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டரிலேயே 2 கிரெடிட் பாடங்கள் இருக்கின்றன. அதில் ஒன்றின் செய்முறையாக இதை வைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். மெட்ரோவுக்குள் அனுமதியில்லாமல் படமெடுக்கக் கூடாது என்பதைப் போன முறை பிள்ளைகள் காவலர் விரட்டித்தான் தெரிந்துகொண்டார்கள். தில்லியில் மற்ற கல்லூரிகளில் இருக்கும் தமிழ் ஆசிரியர்கள் இப்படி வெளியே அனுப்பியிருந்தால், அனுமதிக் கடிதம் எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். இந்த முறை முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும்.