கரைக்கு வரும் கரடியும் வயலுக்கு வரும் யானையும்

காட்டு யானை அட்டகாசம் என்று இலங்கையின் வன்னியில் ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கமிருந்து செய்தி வந்தால் கீழே இரண்டே வகைக் கருத்துதான். சுட்டுத் தள்ளுங்கள், இல்லாவிட்டால் வாயில்லாச் சீவன் பாவம். இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. கொஞ்சக் காலமாகப் பனிக்கரடிகளைப் பற்றித் தேடித் தேடி வாசிக்கிறேன். கனடாவில் ஹட்சன் விரிகுடாவின் மேற்குக் கரையில் சேர்ச்சில் என்று ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர் ஒன்று இருக்கிறது, அந்தச் சனத்திடம் நாங்கள் படிக்க நிறைய உண்டு.

முதலில் கரடி ஏன் ஊருக்குள் வருகிறது? அதன் சாப்பாடு சீல் என்கிற கடல் விலங்கு. உறைந்த கடலில் மூச்சு விடுவதற்காக சீல் ஒரு துளையை நகத்தால் சுரண்டிச் சுரண்டி மூடவிடாமல் வைத்திருக்கும், கரடி அதன் பக்கத்தில் மணிக்கணக்காக அசையாமல் காத்துக் கிடக்கும், தலை தெரிந்ததும் பாய்ந்து இழுத்துப் போடும். திறந்த கடலில் சீலைத் துரத்திப் பிடிக்கிற வேகம் கரடிக்குக் கிடையாது. பனி இல்லையென்றால் வேட்டையே இல்லை. அதனால் கோடையில் பனி உருகினதும் கரையேறி, நவம்பர் அளவில் கடல் திரும்ப உறையும்வரை உடம்பில் சேர்த்த கொழுப்பில்தான் சீவியம். வயிற்றில் குட்டியோடு இருக்கும் கரடியின் பாடு இன்னும் மோசம். மற்றவை பனிக்குத் திரும்பும்போது அது குழிக்குள் போய், ஒரு கிலோகூட வராத குட்டிகளை ஈன்று, பாலும் கொடுத்துக்கொண்டு ஏறக்குறைய எட்டு மாதம் ஒன்றும் தின்னாமல் கிடக்கிறது. எட்டு மாதம்! இப்போது பனி முந்தி உருகிப் பிந்தி உறைகிறது, பட்டினி நாள் நீளுகிறது. அந்த மேற்குக் கரைக் கூட்டத்தை 2016இல் 842 என்று மதிப்பிட்டார்கள், 2021இல் 618.

முன்னர் அங்கேயும் சுட்டவர்கள்தான். பிறகு முறையை மாற்றினார்கள். ஊருக்குள் வரும் கரடியை வெடிச் சத்தத்தால் விரட்டுகிறார்கள், போகாவிட்டால் பொறியில் பிடித்து அதற்கென்றே உள்ள கட்டடத்தில் அடைக்கிறார்கள். ஊரில் தீனி கிடைக்கும் என்று பழகிவிடக் கூடாதென்பதால் பொதுவாகத் தண்ணீர் மட்டும்தான். பிறகு ஹெலிகொப்டரில் தூக்கிக்கொண்டுபோய் வடக்கே விடுகிறார்கள். கரடிகளை இழுத்துவந்த திறந்த குப்பைமேட்டையும் மூடிவிட்டார்கள். ஒக்டோபர் 31 இரவு பிள்ளைகள் வேடம் போட்டு வீடு வீடாகப் போகும்போது ஊரைச் சுற்றிக் காவல் நிற்கிறது. கரடிக்குப் பயந்து பிள்ளைகளை அடைத்து வைக்கவும் இல்லை, பிள்ளைகளுக்காகக் கரடிகளைக் கொன்று தீர்க்கவும் இல்லை.

எங்கள் பக்கம் யானை வெடியைக் கொளுத்துகிறோம், யானை அடுத்தவன் வயலுக்குப் போகிறது, அவ்வளவுதான். இன்னும் சில இடங்களில் காய்க்குள் வெடியை மறைத்து வைக்கிறார்கள். வாய் சிதைந்த யானை தின்னவும் முடியாமல் குடிக்கவும் முடியாமல் நாள்கணக்கில் துடித்துச் சாகிறது. இதைச் செய்கிறவர்களை என்னால் மன்னிக்க முடியாது. ஆனால் கதிர் முற்றின வயல் ஒரே இரவில் போனால் அடைவு வைத்த நகையை அந்தக் கமக்காரன் எதைக்கொண்டு மீட்பான்? அவனைத் தனியே விட்டுவிட்டு நாங்கள் இங்கே யானைக்காகக் கண்ணீர் வடிப்பதிலும் நியாயம் இல்லை.

சேர்ச்சிலில் கரடியைக் கண்டால் 24 மணி நேரமும் அழைக்க ஓர் இலக்கம் இருக்கிறது, அழைத்தால் ஆள் வருகிறது. காட்டோரம் குப்பை கொட்டுவதை நிறுத்துவதும், நடுச்சாமத்தில் அழைத்தாலும் எடுத்து ஆள் அனுப்புகிற ஓர் இலக்கமும் எங்களுக்கும் முடியாத காரியமா? கமக்காரர் அமைப்புகள் அடுத்த கூட்டத்தில் இந்த இரண்டையும் எழுத்தில் கேட்க வேண்டும், அடுத்த காலபோக நெல் கதிர் தள்ளுவதற்கு முன்னமே.