அந்த விருது ஒரு மேட்சுக்கு மட்டும் இல்லை

2016 அமெரிக்கக் கல்லூரி கூடைப்பந்து (NCAA) ஃபைனலில் வில்லனோவா நார்த் கரோலினாவை வென்றது. வில்லனோவாவில் பூத் 20 பாயின்ட், கடைசி ஷாட் ஜென்கின்ஸ். அப்படியிருக்க 16 எடுத்த அதே அணியின் ஆர்ச்சிடியாக்கனோவுக்கு (ஆர்ச்சி) சிறந்த வீரர் விருது தப்பு என்கிறீர்கள். அது ஃபைனலுக்கான விருது இல்லைங்க. ஃபைனல் ஃபோர், அதாவது அரையிறுதியையும் சேர்த்துப் பார்த்துக் கொடுப்பது.

கடைசி 4.7 விநாடியை மறுபடி போட்டுப் பாருங்கள். 74-74. ஆர்ச்சி பந்தை வாங்கி ஓடுகிறார், நடுக்கோட்டருகே சக வீரர் ஒச்செஃபு ஸ்க்ரீன் வைக்கிறார், அதாவது தடுப்பவரின் வழியை மறித்து நிற்கிறார் (வழுக்கக்கூடாதென்று அதற்கு முன் அவரே தரையைத் துடைத்தார்). கரோலினா தடுப்பாட்டம் ஆர்ச்சியையே பார்க்கிறது. நாலாம் வருட கார்டு (பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவர்), கடைசி மேட்ச், தானே எறிந்திருக்கலாம். பின்னால் வந்த ஜென்கின்ஸிடம் தட்டிவிட்டார். 77-74. ஸ்கோர்ஷீட்டில் அது வெறும் ஒரு அசிஸ்ட்தான் (கூடை போட உதவிய பாஸ்). கார்டின் வேலையே அந்த முடிவை எடுப்பதுதானே!