எட்டு மாதமாக என் வீட்டில் ஓர் அறை என்னுடையதில்லை

தம்பியை வீட்டை விட்டுப் போகச் சொன்னது நான்தான். அதை யாரிடமும் மறைக்கவில்லை. இரண்டு வருடம் பொறுத்துப் பார்த்தேன், பேசிப் பார்த்தேன், அழுதும் பார்த்தேன். கடைசியில் போகச் சொன்னேன். ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "மீதியைப் பிறகு வந்து எடுத்துக்கொள்கிறேன் அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்தப் "பிறகு" இன்னும் வரவில்லை. எட்டு மாதம் ஆகிறது.

கட்டில், மேசை, துணி மூட்டைகள், கேபிள் சிக்கல்கள், எதற்கென்றே தெரியாத இரும்புத் துண்டுகள் என்று அறை முழுக்க அவன் சாமான்தான். என் மகள் கூடத்துத் தரையில் உட்கார்ந்து தேர்வுக்குப் படிக்கிறாள். யார் வந்தாலும் போனாலும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு இடம் மாறுகிறாள். அவன் பெயருக்கு வரும் கடிதங்களும் என் வாசலில்தான் விழுகின்றன. கடன் பாக்கி கேட்டு வருகிறவர்களுக்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதில் ஊரார் புத்திமதி வேறு. "பாவம், அவனே ஒண்டிக்கொண்டு இருக்கிறான், சாமான் ஒரு மூலையில் கிடந்துவிட்டுப் போகட்டுமே" என்கிறார் பெரியம்மா. நான்கு பெட்டியை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அதன் பிறகு பெரியம்மா இந்தப் பேச்சையே எடுப்பதில்லை. இன்னொரு பக்கம், "எல்லாவற்றையும் தெருவில் தூக்கிப் போடு" என்று தைரியம் சொல்கிறவர்கள். போட்டால், கூடப்பிறந்தவன் சாமானை வீசியவள் என்று முதலில் பேசப்போகிறவர்களும் இவர்கள்தான்.

அப்படித் தூக்கிப் போட்டுவிடவும் முடியாது. அவன் விட்டுப் போனதால் அவை என்னுடையவை ஆகிவிடவில்லை. நான் கேட்டு வாங்கி வைத்துக்கொண்ட பொருள் இல்லைதான். ஆனாலும், தன் பொறுப்பில் வந்து விழுந்த பிறர் பொருளை வேண்டுமென்றே அழிக்கக் கூடாது என்பதே பல நாடுகளில் சட்டத்தின் நிலை. எழுத்தில் தெரிவிக்க வேண்டும், எடுத்துப் போக நியாயமான அவகாசம் கொடுக்க வேண்டும், எனக்குத் தர வேண்டிய பணத்துக்கு ஈடாகப் பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்று நானே முடிவு செய்யவும் கூடாது. விட்டுவிட்டுப் போனவனுக்கு ஒரு கடமையும் இல்லை, வைத்திருக்கிறவளுக்கு இத்தனை கடமை! நினைக்க நினைக்க வயிறு எரிகிறது.

போன மாதம் சாரல் அடித்து ஜன்னலோரப் பெட்டிகள் நனைந்துவிட்டன. நனைந்த காகிதத்திலும் துணியிலும் 24 முதல் 48 மணி நேரத்தில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். நான் கதவைத் திறந்தது நான்காம் நாள். முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். ஒரு செருப்புப் பெட்டிக்குள் பழைய செல்போன் ஒன்று, முதுகு பிளந்து, பேட்டரி தலையணைபோல உப்பிக் கிடந்தது. உள்ளே வாயு சேர்ந்து உப்பிய லித்தியம் பேட்டரி குத்துப்பட்டால் தீப்பிடிக்கக்கூடியது, குப்பையில்கூடப் போடக் கூடாது. அந்தப் பெட்டி இருந்த சுவருக்கு மறுபக்கம்தான் என் மகள் தலை வைத்துப் படுக்கிறாள். கை நடுங்க அதை எடுத்துப்போய், பழைய பேட்டரிகளை வாங்கிக்கொள்ளும் இடத்தில் ஒப்படைத்துவிட்டு வந்தேன்.

அதற்கு அடுத்த பெட்டியில் அவனுடைய பட்டச் சான்றிதழ், பிளாஸ்டிக் உறையோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. அதன் அடியில் அப்பாவின் புகைப்படம். சான்றிதழை ஓரத்திலிருந்து மெல்லப் பிரித்து, வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து, தாளை மாற்றி மாற்றி இரவு முழுக்க உலர்த்தினேன். அப்போதுதான் எனக்கு விளங்கியது. போகும்போது எடுத்துக்கொண்ட பையில் என்ன இருந்தது? புதுச் செல்போன், ஹெட்போன், நல்ல காலணி. விட்டுப்போனது சான்றிதழையும் அப்பாவையும். எதை இந்த அக்கா தூக்கிப் போட மாட்டாள் என்று பார்த்துப் பார்த்து விட்டுப் போயிருக்கிறான். மறந்துவிட்டுப் போனான் என்று இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். காவலுக்கு ஆள் இருக்கிறாள் என்ற தைரியத்தில் போயிருக்கிறான். வெளியே போகச் சொன்ன பிறகும் அவனுக்கு வேலை செய்துகொண்டிருக்கிறேன், அதுவும் ராத்திரி இரண்டு மணிக்கு.

மறுநாளே உட்கார்ந்து எல்லாவற்றையும் கட்டினேன். 14 பெட்டிகள். ஒவ்வொன்றையும் மூடும் முன் புகைப்படம் எடுத்து, எண் போட்டு, உள்ளே இருப்பதைத் தாளில் எழுதினேன். சான்றிதழும் அப்பா படமும் தனி உறையில் முதல் பெட்டியில். அத்தனையையும் அவனுக்கு அனுப்பி, 30 நாள் அவகாசம், வண்டிச் செலவும் என்னுடையது, முகவரியை மட்டும் சொல் என்று எழுதினேன்.

மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. "அக்கா, அந்த நீலச் சட்டையை மட்டும் யாரிடமாவது கொடுத்தனுப்பு. மீதி அங்கேயே இருக்கட்டும்."

நீலச் சட்டை ஏழாம் பெட்டியில் இருக்கிறது. வண்டி வரும்போது 14 பெட்டியும் சேர்ந்தே ஏறும் என்று எழுதிவிட்டேன். இன்னும் 19 நாள் இருக்கிறது.